பாஸான புத்தகம்: மாவடிப்பள்ளியில் கணக்கீட்டுப் பரீட்சை நூல்களின் தெரிவும் வம்சாவளியும்

ஆய்வுச் சுருக்கம்

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவில், இரு பக்கமும் வயலை வைத்துக்கொண்டு கிடக்கிறது மாவடிப்பள்ளி. இவ்வூரிலும் கல்முனைக் கரையோரத்தின் அயல் ஊர்களிலும் ஏஏரி, சீஏ, சிமா, ஏசிசிஏ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் நூலை எவ்வாறு தெரிவு செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தெரிவில் நூலின் உள்ளடக்கத்துக்குள்ள பங்கு சொற்பம் என்பதும், அதை முன்பு வைத்திருந்தவர் பாஸானாரா என்பதே பிரதானம் என்பதும் நிறுவப்படும். நிறுவ முடியாத இடங்களில் அடித்துச் சொல்லப்படும்.

முறையியல்

மாதிரியின் பருமனை வெளியிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். வெளியிட்டால் அதில் பெரும்பாலானோர் என் மச்சான்மாரும் மருமக்களும் என்பது தெரியவந்து ஆய்வின் நடுநிலை கெடும். தரவு திரட்டிய இடங்கள் மூன்று: கல்முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடை வாசல், அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் மதிலோரம், உறவினர் வீடுகளின் அலுமாரி மேல்தட்டு. நனைந்து ஊறிய நூல்களும் கிடைத்தன. ஆனால் 2024 நவம்பரில் மதரஸாப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோன பிறகு காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியின் வெள்ளத்தை வைத்துப் பகிடி எழுத எந்த ஊரவனுக்கும் கை வராது. அவற்றை ஆய்வுக்கு வெளியே வைத்தேன்.

இலக்கிய மீளாய்வு

கணக்கெழுதுவது நமக்கு இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்கள், அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று ஒருதரம் பார்க்க வேண்டும். அல் பகரா 282: கடன் கொடுத்தால் எழுதிவை, சாட்சி வை என்பதே அதன் பொருள். ஐரோப்பாவில் பிரான்சிஸ்கன் துறவியான லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கிய 'சும்மா டி அரித்மெட்டிகா' 1494 இல் வெனிஸில் அச்சானது. அன்றைய வெனிஸ் மாணவனின் நிலை பொறாமைக்குரியது. அச்சில் கிடைத்தது அது ஒன்றுதான், எடுத்தான், படித்தான்.

சிக்கலைத் தொடக்கி வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ஏசிசிஏயின் மூல அமைப்பு 1904 இல் இலண்டனில் தொடங்கியது; சிமா 1919 இல். சீஏயை நடத்தும் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஏஏரி ஸ்ரீலங்கா 1987 இல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் ஒரு பாடநூல், ஒவ்வொரு பாடநூலுக்கும் "அது சரிவராது, இதை எடு" என்று சொல்ல ஒரு காக்கா.

நிதித்துறைப் பக்கம் போனவர்கள் சீஎஃப்ஏ எழுதுகிறார்கள். அதற்கு ஒரு படிக்கு ஏறக்குறைய 300 மணித்தியாலம் படிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. அதில் எத்தனை மணித்தியாலம் நிறுவனத்தின் சொந்தப் பாடநூலா, வெளியார் சுருக்கித் தரும் ஷ்வேசர் நோட்ஸா என்று தீர்மானிக்கப் போகும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. துறையில் நிலவும் பெரிய ஆய்வு இடைவெளி இது. அதை நிரப்பவே இக்கட்டுரை.

நூல்களின் இனங்கள்

முதலாவது, கட்டி. பிபிபி, கப்லான் என்ற இரு ஆங்கிலப் பதிப்பகங்களின் பாடநூல்களை ஊரில் இப்படித்தான் சொல்ல வேண்டும். ஒன்றைத் தலைமாட்டில் வைத்தால் தலையணை தேவையில்லை. பிபிபி விரித்துச் சொல்லும், கப்லான் சுருக்கிச் சொல்லும் என்பது பொதுவான கருத்து. இரண்டுமே ஏசிசிஏயின் அங்கீகாரம் பெற்றவை. ஆனால் இதை ஒரு பிபிபிக்காரரிடமோ கப்லான்காரரிடமோ சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க முடியாது. ஏசிசிஏக்கான கட்டிகளின் அட்டையில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரையுள்ள பரீட்சைகளுக்குச் செல்லும் என்று அச்சடித்திருப்பார்கள். பால்மாப் பைக்கற்றில் முடிவுத் திகதி தேடும் நம் உம்மாமார் இந்த அட்டையை மட்டும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, நிறுவனங்கள் தாமே வெளியிடும் பாடநூல். பரீட்சை வைப்பவரே எழுதியது என்பதால் இதில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை மிகக் குறைவு. மூன்றாவது, சேருடைய டியூட். இது நூலல்ல, சேருடைய குரல் தாளில் இறங்கியது. "இது கட்டாயம் வரும்" என்று மூன்று நட்சத்திரம் போட்ட இடங்கள் இருக்கும். வராமல் போன ஆண்டுகளின் டியூட்டை எவரும் பாதுகாப்பதில்லை என்பதால் சேரின் வெற்றி விகிதம் எப்போதும் நூற்றுக்கு நூறு.

நான்காவது இனமே இப்பிரதேசத்தின் ஆதிக்க இனம்: போட்டோகொப்பி. கடை வாசலில் நான் கேட்டதை அப்படியே தருகிறேன்.

"காக்கா, இத முழுக்க அடிக்கணும்."

"டபுள் சைட்டா மனே?"

"டபுள்."

"கடைசில கிடக்கிறது விடை போல. அதையும் அடிக்கவா?"

"அதத்தான் காக்கா முதல்ல அடிங்க."

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று அந்த மாணவரிடம் கேட்டேன். அவர் அச்சட்டத்தை விளக்கும் நூலையும் அதே கடையில்தான் அடித்திருந்தார்.

போட்டோகொப்பியின் உயிரியல் தனியே எழுதப்பட வேண்டியது. கொப்பியிலிருந்து கொப்பி எடுக்க எடுக்க 3 மெல்ல 8 ஆகும்; 8 கறுத்த பொட்டாகும். என்னிடமுள்ள ஒரு ஸ்பைரல் நூலில், பக்கத்தின் இடது கீழ் மூலையில், கண்ணாடியில் தாளை அழுத்திப் பிடித்தவரின் பெருவிரல் விழுந்திருக்கிறது. நகமும் தெரிகிறது. அடுத்த தலைமுறைக் கொப்பியில் நகம் இல்லை, நிழல் மட்டும். அதற்கடுத்ததில் அந்த நிழல் சரியாகத் திரண்டு, நடைமுறை அல்லாப் பொறுப்புகளின் கூட்டுத்தொகை இருக்கும் இடத்தை மூடிவிட்டது. அந்தக் கொப்பியில் படித்த தொகுதியினருக்கு ஐந்தொகை சமப்படாமல் போனதற்கும் தொங்கல் கணக்கின் மேல் அவர்களுக்கு வந்த தனிப் பிரியத்துக்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஐந்தாவதான பிடிஎஃப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாட்ஸ்அப்பில் வரும், எல்லோரும் "ஜஸாக்கல்லாஹ்" போடுவார்கள், போனில் இடம் போதாது என்று பின்னொரு நாள் அழியும்.

வம்சாவளி

மாவடிப்பள்ளியில் ஒரு நூலின் தரத்தை அறிய உள்ளே திறந்து பார்ப்பதில்லை. முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு பெயர் எழுதி, வெட்டி, கீழே அடுத்த பெயர் எழுதி, அதையும் வெட்டி இருக்கும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. செய்தியைக் கொண்டுவந்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவுவது நமது பழைய கல்விமரபு. அந்த மரபின் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கு நம்மிடம் இருந்தாலும் போதும். இங்கே அது கிடையாது. முதல் பெயர்க்காரர் கட்டாரில் கணக்காளராக இருக்கிறார் என்றால் நூல் உறுதியானது. இரண்டாம் பெயர்க்காரர் நடுவில் கலியாணம் முடித்துப் படிப்பை விட்டார் என்றால் வரிசை அறுந்தது. மூன்றாமவர் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தால் அது ராசியில்லாத புத்தகம். அதே பதிப்பின் இன்னொரு பிரதி, பாஸானவர் கைபட்டதென்றால், நாலு பேர் "எனக்குத் தாங்க, எனக்குத் தாங்க" என்று நிற்பார்கள்.

பாஸானவர் அந்த நூலைத் திறந்தாரா என்பதை எவரும் விசாரிப்பதில்லை. நான் விசாரித்தேன், நூலிடமே. முதலிரு அத்தியாயங்களில் மஞ்சள் மை வரிக்கு வரி பூசியிருந்தது. மூன்றாவதில் சில இடங்களில் மட்டும். அதற்கப்பால் மனிதக் காலடி பட்ட தடயமே இல்லை. பிற்பகுதித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

நூல் எங்கே தங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நமது ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். போகும்போது உடுப்புப் பெட்டி போகும்; கட்டி போகாது. "மாமி வீட்டுல வைக்க இடமில்ல" என்பார். ஆகவே கணக்கீட்டு நூல் இப்பிரதேசத்தில் தாய் வீட்டுச் சொத்து. உம்மா அதைச் சீலைத் துண்டால் துடைத்து அலுமாரிக்கு மேல் வைக்கிறா. "இது காக்காட ஏஏரி புத்தகம்" என்று தம்பிக்குச் சொல்லும்போது அவவின் குரலில் வரும் பெருமைக்கு முன்னால் பாடத்திட்டம் மாறிவிட்டது என்று சொல்ல எந்தத் தம்பிக்கும் துணிவு வராது.

காலக்கணிப்பு

மேற்சொன்ன மரபுச் சொத்தின் வயதை அறிய நான் வகுத்த முறை, தொல்லியலாளருக்கும் பயன்படலாம். பெறுமதி சேர் வரி அத்தியாயத்தைத் திறந்து வீதத்தைப் பாருங்கள். 2015 இல் 11. 2016 மே மாதம் 15 ஆக்கி, ஜூலையில் நீதிமன்றத் தடையால் 11க்கே திரும்பி, நவம்பரில் மறுபடி 15. 2019 டிசம்பரில் 8. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18.

ஒரு வீட்டில் கிடைத்த நூலில் அச்சில் 8 இருந்தது. அதைப் பென்சிலால் வெட்டி 12. அதை நீலப் பேனையால் வெட்டி 15. பக்கத்தில் சிவப்பில் 18, அதன் கீழ் இரண்டு கோடு, ஓர் ஆச்சரியக்குறி. கையால் எழுதிய மூன்றும் வெவ்வேறு கையெழுத்து. நாட்டின் நிதி வரலாற்றை இவ்வளவு குறைந்த இடத்தில் எழுதிய வேறு நூலை நான் அறியேன்.

சிக்கல் என்னவென்றால் 15 பலதரம் வருகிறது. அச்சில் 15 உள்ள நூல் 2017 உடையதா 2023 உடையதா? இங்கே துணைச் சான்று வேண்டும். என்பிரி என்ற தேசக் கட்டுமான வரிக்கு ஓர் அத்தியாயம் இருந்தால் நூல் பழையது. அந்த வரி 2019 டிசம்பரோடு ஒழிந்தது. வருமான வரியில் 2006 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருந்தால் இன்னும் பழையது. 2018 ஏப்ரலில் இருந்து 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டமே நடைமுறை. வரி நூல் கையில் இல்லையென்றால் நிதிக் கணக்கீட்டு நூலில் குத்தகைகளைத் தேடுங்கள்: எல்கேஏஎஸ் 17 என்றிருந்தால் 2019க்கு முந்திய சிந்தனை, எஸ்எல்எஃப்ஆர்எஸ் 16 என்றிருந்தால் பிந்தியது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு விதி தானாகவே விழுகிறது. வரி நூலைக் காக்காவிடம் வாங்கக் கூடாது. வருடா வருடம் புதிது வேண்டும். நிதிக் கணக்கீட்டு நூலை வாங்கலாம், நியமங்களின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு. கம்பனிச் சட்ட நூல் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுதியதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். 1982 ஆம் ஆண்டின் 17 இலக்கம் கண்ணில் பட்டால் பக்குவமாக மூடி அலுமாரி மேலேயே வைத்துவிடலாம். கிரயக் கணக்கீட்டு நூலை மட்டும் வாப்பாவின் வாப்பாவிடம் இருந்தாலும் கூச்சமில்லாமல் வாங்கலாம். நிலையான செலவை அலகுப் பங்களிப்பால் பிரித்தால் வரும் இலாபநட்டமற்ற புள்ளியை இதுவரை எந்த நிதியமைச்சரும் திருத்தவில்லை.

பொருளியல் காரணிகள்

போட்டோகொப்பி இனத்தின் பெருக்கத்துக்குப் பிள்ளைகளின் ஒழுக்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பவுணில் பரீட்சைக் கட்டணம் கட்டிய வாப்பா, கட்டியையும் பவுணில் வாங்கித் தா என்றால் எங்கே போவார்? அந்த மார்ச்சில் காகிதம் இல்லையென்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அப்படிப்பட்ட காலத்தில் டபுள் சைட்டில் அடித்து ஸ்பைரல் போட்ட ஒரு நூல், நிதி முகாமைத்துவம் என்ற பாடத்தின் செய்முறைப் பயிற்சி என்றே கொள்ளத்தக்கது.

முடிபுகளும் தரவு நீக்கமும்

நூலைத் தெரிவு செய்யும் காலம் நீள நீள அந்தரம் குறைகிறது. தேடிக்கொண்டிருப்பவர் படிக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவர் இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். "பிபிபி கிடைச்சா இந்த முறை குடுப்பன்" என்ற கூற்றைப் பல பரீட்சைப் பருவங்களில் ஒரே வாயிலிருந்து பதிவு செய்திருக்கிறேன். கிடைத்த பின் அது "ரிவிஷன் கிட் கிடைச்சா" என்று மாறும்.

கடைசியாக ஒரு நேர்மைக் குறிப்பு. மாதிரியில் சம்மாந்துறைப் பக்கத்து ஒரு தங்கச்சியும் இருந்தார். நிறுவனங்களின் இணையத்தளங்களில் கடந்தகால வினாத்தாளும் மாதிரி விடைகளும் காசில்லாமல் கிடக்கின்றன. அவற்றைப் போனில் இறக்கி, ஒரு சீஆர் கொப்பியில் நேரம் வைத்துச் செய்து, விடையோடு ஒப்பிட்டு, பிழைத்ததை மறுபடி செய்து, எழுதிய பாடமெல்லாம் முதல் தரத்திலேயே பாஸானார். எந்த நூலை வைத்துப் படித்தீர்கள் என்று கேட்டதற்கு "நூலா?" என்றார். அவர் எந்த நூலையும் தெரிவு செய்யாதவர் என்பதால் இவ்வாய்வின் வரையறைக்குள் வரவில்லை. அவரைத் தரவிலிருந்து நீக்கிவிட்டேன்.