முப்பது சென்ட் மாப்பிள்ளை

கொங்கு நாட்டு மணமகன்களைப் படிப்பு, வேலை, தோட்டம், கூட்டம் என்று பலவாறாகப் பிரித்து வைப்பது தரகர்களின் நெடுநாள் வழக்கம் என்றாலும், அவர்களுடைய குறிப்பேட்டில் இன்னும் இடம்பெறாத ஒரு வகை கோயம்புத்தூரில் தோன்றியிருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று மணமகளின் விரலில் இடவேண்டிய வைர மோதிரத்தை, கிராஸ்கட் சாலையின் இருபுறமும் நிற்கும் நகைக்கடைகளை ஏறெடுத்தும் பாராமல் கடந்து சென்று, அமெரிக்காவிலிருந்து இணையத்தின் வழியே வரவழைக்கும் இளைஞரே அந்த வகையினர். இவரை ‘முப்பது சென்ட் மாப்பிள்ளை’ என்று குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். காரணம் போகப் போக விளங்கும்.

இவர் பெரும்பாலும் பீளமேட்டுப் பக்கம் பொறியியல் படித்து, சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் எழுதுபவர். தந்தை கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பார். பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகைக்குக்கூட விலை குறைத்துக் கேட்கும் குடும்பத்தில் பிறந்த இவர், கடல் கடந்த கடையின் திரையில் தோன்றும் விலையை மட்டும் கல்வெட்டாகக் கருதிப் பணிந்துவிடுவது ஆய்வுக்குரிய முரண்பாடாகும். முகம் தெரிந்த கடைக்காரர் சொன்னால் அது பேச்சு, முகம் தெரியாத இணையதளம் சொன்னால் அது தகவல் என்பது இவ்வகையினரின் அடிப்படைக் கொள்கை.

கொங்கு வேளாளர் போன்ற சமூகங்களில் திருமணத்தை உறுதி செய்யும் சடங்குக்கு ‘உப்புச் சர்க்கரை மாற்றுதல்’ என்று பெயர். செலவு விவரம் முழுவதும் பெயருக்குள்ளேயே அடங்கிவிட்ட சிக்கனமான சடங்கு அது. அதில் மோதிரத்துக்கு இடமில்லை. மேற்கில்கூட ஒற்றைக் கல்லை ஆறு கொக்கிகளால் தூக்கி நிறுத்தும் மோதிர வடிவத்தை நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1886-இல்தான். வைரமும் காதலும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பிய புகழ்பெற்ற விளம்பர வரியை, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களைக் கையில் வைத்திருந்த டி பியர்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதியது 1947-இல். இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டில் உலக மணமகன்கள் தங்கள் விடுதலையை இழந்தார்கள் என்பது தற்செயலாகவே இருக்கலாம்.

வைரத்தின் எடையை அளக்கும் அலகு காரட். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறு கூறாக்கினால் ஒரு கூறு ஒரு ‘சென்ட்’, அதாவது 2 மில்லிகிராம். நிலத்திலோ ஓர் ஏக்கரை நூறு கூறாக்கினால் ஒரு கூறு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே நூறு. எனவே, வீட்டுத் திண்ணையில் “முப்பது சென்ட் வாங்கியிருக்கேனுங்க அப்பாரு” என்று பேரன் அறிவிக்கும்போது, தந்தை வழிப் பாட்டனாராகிய அப்பாரு மகிழ்ந்து, “அன்னூர்ப் பக்கமா சாமி? தடம் இருக்குதா? கெணத்துல தண்ணி எப்படி?” என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. அறுபது மில்லிகிராம் கல் என்று தெரிந்த பின்னரும் முதியவர் மனம் தளர்வதில்லை; “வில்லங்கம் போட்டுப் பாத்தியா?” என்பதே அவருடைய அடுத்த கேள்வி.

இங்கேதான் இம்மனித வகையின் மர்மம் அவிழ்கிறது. வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பிறருக்கு உரிமையோ கடனோ உண்டா என்று சார்பதிவாளர் அலுவலகம் தரும் ஆவணம், கையில் இல்லாமல் கொங்கு நாட்டில் எவரும் ஒரு சென்ட் நிலம்கூட வாங்குவதில்லை. பேரன் செய்திருப்பதும் அதுவே. அமெரிக்காவில் 1931-இல் தொடங்கப்பட்ட ஜிஐஏ என்ற மணிக்கல் நிறுவனம் கல்லைச் சோதித்துத் தரும் அறிக்கைதான் இவருக்கு வில்லங்கச் சான்று. கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்படும், உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் எண்தான் சர்வே எண். அறிக்கையில் உள்ள, குறைகளைப் புள்ளியிட்டுக் காட்டும் படத்தைப் புலப்படம் என்று சொல்லிவிட்டால் அப்பாரு முழு நிறைவு பெறுவார். வைரம் வாங்குவதாக எண்ணிக்கொண்டு இவர் உண்மையில் வாங்குவது ஒரு மிகச் சிறிய பூமியைத்தான்.

அறிக்கை கல்லை எடை, பட்டை, நிறம், தூய்மை என்ற நான்கு பண்புகளால் மதிப்பிடுகிறது. நிறத்துக்கான வரிசை ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய ‘டி’யில் தொடங்கி ‘இசட்’டில் முடியும். அதற்கு முன் சந்தையில் வழங்கிய ஏ, பி, சி முறைகள் பெருங்குழப்பம் விளைவித்ததால் அவற்றோடு கலந்துவிடாதிருக்கவே ‘டி’யில் தொடங்கினார்கள். மகனின் மதிப்பெண் பட்டியல்களைப் பதினாறு ஆண்டுகள் பார்த்துப் பழகிய தாய், ‘டி’தான் முதல் தரம் என்பதையும், மகன் வாங்கியிருப்பது ‘ஜி’ என்பதையும் ஒரே மாலையில் ஏற்றுக்கொள்ள நேர்வது கொடுமை. தூய்மைக்கும் இதுபோல் எழுத்துகளும் எண்களும் கலந்த படிநிலை உண்டு. இதில் வியக்க ஒன்றுமில்லை. மதுரைக் கடைவீதியை வருணிக்கும் சிலப்பதிகார ஊர்காண் காதை, வைரத்தில் இருக்கக்கூடாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கைப் பெயரிட்டுச் சொல்லிவிட்டது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகிய அவையே ஜிஐஏ அறிக்கைப் படத்திலும் பெரும்பாலும் காணப்படுகின்றன. சிலப்பதிகாரத்திலோ கல்லைப் பார்த்தவர் சொன்னார். இவரோ கல்லைப் பாராமலே, நள்ளிரவில் திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றி, ஒரு விழியப் படத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எதிர்கால மாமனார் வீட்டாருக்கு எடுத்துரைக்கும் வல்லமை பெறுகிறார்.

தந்தையை வெல்வது எளிது. ஆண்ட்வெர்ப் நகர வைரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர், ஒளி கல்லுக்குள் புகுந்து கீழ்ப்புறம் ஒழுகிவிடாமல் மேலேயே திரும்பி வர மேற்சரிவு 34.5 பாகையும் கீழ்ச்சரிவு 40.75 பாகையும் இருக்கவேண்டும் என்று 1919-இல் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். கடைசல் இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்த மனிதர், பாகையில் தசமப் புள்ளி இருப்பதைக் கண்டதும் எதிர்ப்பைக் கைவிட்டுவிடுவார். “இது வேலை” என்ற இரண்டு சொற்கள் அவருடைய சம்மதம்.

தந்தை வழிப் பாட்டியாகிய அப்பத்தாவிடம் மட்டும் அறிவியல் செல்லாது. அவர் காதில் கிடப்பது ஏழு கல் வைரத்தோடு. அது ‘ப்ளூ ஜாகர்’ என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு வரும். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர் தமிழ்நாட்டு அடுப்படி வரை வந்து சேர்ந்த வடிவம் அது. 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்ஸெல்சியர் கல்லை ஈன்ற சுரங்கம். அங்கிருந்து வந்த கற்களில் பல புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். வெயிலில் அந்த நீலம் கல்லுக்குக் கூடுதல் வெண்மையைத் தந்தது. அதையே பெரியவர்கள் ‘நீலம் ஓடுது’ என்று போற்றினார்கள். இன்றைய அறிக்கையில் அதே பண்பு ‘ஒளிர்வு’ என்ற தலைப்பின்கீழ்ப் பதிவாகிறது. அது வலுவாக இருந்தால், உயர்நிறக் கற்களின் விலை சரிகிறது. பேரன் ‘ஒளிர்வு இல்லை’ என்று பெருமையோடு படித்துக் காட்டியதும், “நீலமே ஓடாதா கண்ணு? அப்புறம் என்னத்துக்கு வாங்குன?” என்று அப்பத்தா கேட்பார். பாட்டியின் பெருமை பேரனுக்குக் குறையாகவும், பேரனின் பெருமை பாட்டிக்குக் குறையாகவும் ஆகும் இந்த இடத்துக்கு ஜிஐஏ இன்னும் அளவுகோல் கண்டுபிடிக்கவில்லை. கடல் கடந்த வைரத்தின் மீதுள்ள மோகம் பேரனோடு தொடங்கியதன்று என்பதும் உடன்விளைவாகப் புலனாகிறது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டே வாங்கவேண்டும் என்ற பழைய நம்பிக்கையும், இணையக் கடையின் ‘30 நாளில் திருப்பி அனுப்பலாம்’ என்ற வாக்குறுதியும் ஒன்றுதான் என்று அவர் அப்பத்தாவைச் சமாதானம் செய்வதுண்டு.

மாப்பிள்ளை அறியாத, அல்லது அறிந்தும் பேசாத, செய்தி ஒன்று உண்டு. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது குஜராத்தின் சூரத் நகரில் தீட்டப்படுபவை. 2023 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட வைரச் சந்தைக் கட்டடம், பரப்பளவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகனையே விஞ்சியது. போட்ஸ்வானாவிலோ ரஷ்யாவிலோ தோண்டப்பட்ட கல் மும்பை வந்து, சூரத்தில் பட்டை பெற்று, நியூயார்க் சென்று, அங்கே படம் பிடிக்கப்பட்டு, மீண்டும் இந்தியாவுக்கே வருகிறது. சூரத் வழியாகக் கோயம்புத்தூருக்கு வாராந்திர ரயிலே ஓடுகிறது என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், கோயம்புத்தூர் வழியே ஓடும் இதே நொய்யலாற்றங்கரையில், சென்னிமலையை அடுத்த கொடுமணலில், பச்சைக்கல்லும் நீலக்கல்லும் மணிகளாகக் கடையப்பட்டதற்கு அகழாய்வுச் சான்றுகள் உள்ளன. ரோமானியக் காசுகள் கொங்கு மண்ணில் குடம் குடமாகக் கிடைத்ததற்கு அக்கற்களும் ஒரு காரணம். அன்று கல்லைக் கொடுத்துப் பொன்னை வாங்கிய நாடு, இன்று பொன்னைக் கொடுத்துத் தன் நாட்டார் தீட்டிய கல்லையே வாங்குகிறது.

அந்தப் பொன்னின் அளவைச் சுங்கத்துறை நிர்ணயிக்கிறது. நகை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 25 விழுக்காடாக இருந்து, 2025 நிதிநிலை அறிக்கையில் 20 விழுக்காடாகக் குறைந்தது. அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி. உள்ளூர்க் கடையில் ‘சேதாரம்’, அதாவது நகை செய்யும்போது வீணாகும் பொன்னுக்கான கட்டணம், எத்தனை விழுக்காடு என்று கேட்டுக் கொதித்தெழுந்து வெளியேறிய அதே மனிதர், இந்த வரியைக் கைபேசியிலேயே செலுத்திவிட்டு, பொதி எந்த ஊரில் நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பார்.

பொதி பிரிக்கப்படும் நாள் முக்கியமானது. அமெரிக்க வழக்கப்படி மோதிரம் 14 காரட் வெள்ளைப் பொன். இந்தக் காரட் எடையன்று, தூய்மை. 24 பங்கில் 14 பங்கே பொன், அதாவது சுமார் 58.3 விழுக்காடு. 916 முத்திரையைத் தவிர வேறெதையும் நகையென்று ஒப்பாத தாய், அதைக் கையில் எடுத்து, “ஏஞ்சாமி, வெள்ளி மோதரமா?” என்று மெல்லக் கேட்பார். மிச்சம் பத்துப் பங்கு என்ன என்ற கேள்விக்கு வீட்டில் எவரும் விடை சொல்வதில்லை.

விரலளவு எப்போதும் பொருந்துவதில்லை. அமெரிக்க அளவுக்கும் இந்திய அளவுக்கும் எண்கள் வேறு. மணமகளின் தங்கை ரகசியமாக நூல் சுற்றி அளந்தது வேறு விரலை. ஒறம்பரை, அதாவது உறவுக் கூட்டம், கூடுவதற்கு இரண்டே நாள் இருக்கையில், 30 நாள் வாக்குறுதியால் பயனில்லை. ஆகவே, ராஜ வீதிச் சந்து ஒன்றில், ஊதுகுழலும் கரியடுப்புமாக அமர்ந்திருக்கும் பத்தரிடம், அதாவது பொற்கொல்லரிடம், மோதிரம் வந்து சேர்கிறது. அவர் கண்ணில் வில்லையைச் செருகிக் கல்லைப் பார்த்து, “நல்ல கல்லுங்க தம்பி, சூரத் வேலையாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் அளவைச் சரிசெய்து தருவார். கூலி ஐந்நூறு ரூபாய் கேட்பார். மாப்பிள்ளை நானூற்றைம்பதுக்குப் பேசி முடிப்பார்.