வீசம் கூட

காசியைக் காட்டிலும் விருத்தகாசிக்கு ஒரு வீசம் புண்ணியம் கூட என்று விருத்தாசலத்தைப் பற்றிப் பெருமை பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீசமென்பது பதினாறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காகக் கையில் இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போகலாமா, கூடாதா என்னும் விசாரத்திலேயே ஆயுளைக் கழிக்கும் மனிதர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். கருவேப்பிலங்குறிச்சிக் கடைத்தெருவில் அந்த இனத்தின் பிரதிநிதியாக விளங்குபவரைப் பெரியவர் சிறியவர் பேதமின்றி 'மாத்துப் பாக்குற மாமா' என்று அழைக்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் முப்பது வருஷம் பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் சுட்டெடுத்த கை அவருடையது. இப்போது அந்தக் கையில் எந்நேரமும் பிறருடைய கைபேசி ஏதாவது ஒன்று இருக்கும்.

புதிய கைபேசி வாங்க எண்ணுகிறவன் எவனும் மாமாவைக் கலக்காமல் கடைக்குப் போவதில்லை. கலந்தபின் கடைக்கே போவதில்லை என்பது வேறு விஷயம். வந்தவனுடைய பழைய கருவியை அவர் இடக்கையின் இரண்டு விரல்களில் தொங்கவிட்டாற்போலப் பிடித்துக்கொண்டு, காதருகே உயர்த்தி, வலக்கை நடுவிரலால் அதன் முதுகில் ஒரு சுண்டு சுண்டுவார். சூளையிலிருந்து இறக்கிய சாமானில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருந்தால் 'மொத்' என்றும், இல்லாவிட்டால் 'கணீர்' என்றும் சொல்லும் என்ற தொழில்ஞானத்தை அவர் கைபேசி சாஸ்திரத்திலும் விடாமல் அனுஷ்டிக்கிறார். ரப்பர் உறை போட்ட கைபேசி கணீரென்று ஒலித்து நான் கேட்டதில்லை. ஆயினும் மாமா திருப்தியோடு தலையசைத்து, "நல்லா வெந்திருக்கு, மாத்தாத" என்பார்.

2020-ஆம் ஆண்டில் ஐபோன் 12 வெளிவந்து, அதன் முகப்புக் கண்ணாடிக்குள் மிக நுண்ணிய பீங்கான் படிகங்கள் உண்டென்றும், அதற்கு 'செராமிக் ஷீல்டு' என்று நாமகரணம் ஆகியிருக்கிறதென்றும் செய்தி பரவியபோது மாமாவுக்கு உண்டான கர்வத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் அமெரிக்காக்காரனும் நம் தொழிலுக்கே வந்து சேர்ந்தான் என்று டீக்கடை பெஞ்சில் பிரசங்கம் செய்தார். மறுநாளே அவருடைய விமர்சன புத்தி விழித்துக்கொண்டது. பீங்கான் மண்ணோடு சேர்க்கும் குவார்ட்ஸ் பொடியின் கடினம் மோஸ் அளவில் 7. கைபேசிக் கண்ணாடியோ 6-க்கே கீறல் காணத் தொடங்கிவிடுவது. ஆற்று மணலும் பெரும்பாலும் அந்தக் குவார்ட்ஸே. "கீழ விழுந்தா ஒடையாது, சரி. நம்ம சட்டப் பையில கெடக்குற மணலுக்கு அவன் என்னடா வழி சொல்றான்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் முந்திரிக்கொட்டை விற்ற பணத்தோடு வந்து, "மாமா, பதிமூணா பதினாலா?" என்றான். ஐபோன் 13-க்கும் 14-க்கும் உள்ள தாரதம்மியத்தை மாமா மூன்று நாள் ஆராய்ந்து, இரண்டிலும் அதே ஏ15 சில்லு, இரண்டிலும் அதே 12 மெகாபிக்சல் என்று கண்டு, "நம்பர்லதான் ஒண்ணு கூடியிருக்கு, சரக்குல வீசங்கூட இல்ல, பொறு" என்று தீர்ப்பளித்தார். 2023-இல் 15 வந்து, காமிரா 48 மெகாபிக்சல் ஆகி, சார்ஜர் துவாரமும் மாறியபோது பையன் ஆவலோடு ஓடிவந்தான். முதல் வருஷத்துச் சாமானில் பிழை இருக்கும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார். பையனுக்கு இதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது. படமெல்லாம் மைத்துனன் போனில் எடுத்தார்கள். 2024-இல் சாம்சங் எஸ்24-க்கு ஏழு வருஷம் புதுப்பித்தல் தருவதாகக் கம்பெனி வாக்களித்ததைச் சொன்னபோது, "சனியே ஏழரை வருசம் கூட இருந்துட்டுத்தான் போறான்" என்று அந்தப் பிரஸ்தாபத்தையும் தள்ளிவிட்டார்.

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் எக்ஸ்சேஞ்சு விவகாரத்தில் மட்டும் அவருக்கு ஸ்தலபுராணமே பிரமாணம். திருமுதுகுன்றமென்னும் விருத்தாசலத்தில் இறைவன் அருளிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்ட சுந்தரர், ஆற்றில் போடுமுன் மாற்றுப் பார்க்க மச்சமாக ஒரு துணுக்கை வெட்டி வைத்துக்கொண்டாரல்லவா? "சாமி குடுத்ததுக்கே சாம்பிள் எடுத்து வச்சாரு. நீ கடைக்காரன நம்பி முழு போனையும் நீட்டுற" என்பார்.

இத்தனைக்கும் மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு முறை துணிந்தவர். 2020 ஏப்ரல் 1 முதல் கைபேசிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 18 ஆக உயரப்போகிறதென்று கேள்விப்பட்டு, மார்ச் மாதமே பஸ் ஏறி விருத்தாசலம் போய் ஒன்று வாங்கி வந்துவிட்டார். ஆறு சதவிகிதம் மிச்சமான கதையை அதற்குப் பிறகு நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை.

சென்ற வாரம் என் கைபேசியின் திரை அடிக்கடி உறைந்துபோவதைச் சொல்லி யோசனை கேட்கப் போனேன். அடுத்த மாடல் வரட்டும், அது வந்தால் இந்த மாடல் விலை இறங்கும், இறங்கியதும் அதற்கடுத்தது எப்படி என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்று முக்கால் மணி நேரம் விஸ்தாரமாக விளக்கிவிட்டு, எழுந்திருக்கும்போது சற்றுத் தயங்கினார்.

"தம்பி, ஒங்க போனைக் கொஞ்சம் குடுங்க. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். நம்மளுது பத்து மணிக்கே அணைஞ்சு போச்சு."

கொடுத்தேன். இரண்டு முறை உறைந்து மூன்றாம் முறை இணைப்புக் கிடைத்தது. பேசி முடித்துத் திருப்பித் தருமுன் அதைக் காதருகே உயர்த்தி ஒரு சுண்டு சுண்டினார்.

"கணீர்ங்குது. இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."