ஏறிய முந்நூறு கிராம்: வீட்டு எடை மெஷின் குறித்த ஓர் ஆய்வு

தன் எடையைத் தானே நிறுத்துப் பார்க்கும் துறையின் முன்னோடி சாந்தோரியோ. 1561இல் பிறந்து, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர். பெரிய துலாக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். உண்பதற்கு முன்னும் உண்ட பின்னும் தன்னை நிறுத்தார், உணவை நிறுத்தார், குடித்ததை நிறுத்தார், வெளியேறியவற்றையும் விடவில்லை. எட்டு பவுண்டு உள்ளே போனால் கண்ணுக்குத் தெரிந்து வெளியே வருவது மூன்று பவுண்டுதான், மீதி ஐந்தும் மூச்சாகவும் தோலின் வழியாகவும் சத்தமில்லாமல் போய்விடுகிறது என்பது அவர் கணக்கு. பல ஆண்டுகள் இப்படி நிறுத்துப் பார்த்ததன் சாரத்தை 1614இல் நூலாக்கினார். அவர் வீட்டார் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது பற்றி அந்த நூலில் செய்தி இல்லை.

அவருக்குப் பின் இந்த ஆய்வு நம் காலத்தில் கட்டிலடிக்கு வந்து சேர்ந்தது. ஆய்வாளர்கள் பெருகினார்கள், ஆய்வுமுறைதான் கெட்டது. இன்றைய ஆய்வாளர் காலையில் மெஷினில் ஏறி, நேற்றைவிட முந்நூறு கிராம் கூடியிருப்பதைக் கண்டால் உடனே ஆய்வில் இறங்குகிறார். பேட்டரி தீர்ந்ததா, தரை சரிவா, நைட்டி கனமா, தாலிச் சங்கிலி எத்தனை பவுன் என்று எல்லாக் கோணத்திலும் விசாரணை நடக்கிறது. அதே மெஷின் நானூறு கிராம் குறைத்துக் காட்டிய அன்று விசாரணை ஏதும் கிடையாது. அன்றைய எண் மனவுறுதிக்குக் கிடைத்த பலன். கூடினால் கோளாறு, குறைந்தால் சாதனை. சாந்தோரியோ இப்படி நிறுத்திருந்தால் அந்த நூல் வந்தே இருக்காது.

கூடிய முந்நூறு கிராம் எது? கொழுப்பாக இருக்க முடியாது என்பதைப் பெருக்கல் தெரிந்தவர் யாரும் நிறுவலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. இட்லி ஒன்றுக்கு 60 கலோரி என்று தாராளமாகவே வைப்போம். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாடு போக 128 இட்லி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். சட்னி தனி. அப்படி ஒரு சம்பவம் நடந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவைப்படாது.

எனவே சந்தேகம் தண்ணீர்மீது திரும்புகிறது. நம் உடலின் உப்புக்கரைசல் ஏறக்குறைய லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் நிற்பது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலிலும் அதே விகிதம்தான். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்யாண வீட்டில் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று வளைத்துக் கட்டி இன்னொரு 5 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும்வரை அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உடம்பில் காவல் நிற்கும். அரை லிட்டர் என்றால் அரைக் கிலோ. ‘பாயசத்தைக்கூடத் தொடவில்லையே’ என்று புலம்புகிறவர் ஊறுகாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த சந்தேக நபர் கிளைகோஜன். ஈரலிலும் தசையிலுமாக நானூறு, ஐந்நூறு கிராம் மாவுச்சத்தை இந்த வடிவில் உடல் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டுதான் குடியேறும். சோறும் இட்லியும் நிறுத்தி பேலியோ உணவுமுறையில் இறங்கியவருக்கு முதல் வாரமே இரண்டு கிலோ குறைவதன் ரகசியம் இதுதான்: கையிருப்பு தீர்கிறது, அதன் தண்ணீரும் வடிகிறது. பேலியோ குழுவில் போட்டோ போட்டு வாழ்த்து வாங்கியவர், தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுத் திரும்பினால் அந்த இரண்டு கிலோவும் கூடவே வந்திறங்கும். போனபோது போனது கொழுப்பு என்று நம்பியவர், வந்தபோது வந்ததும் கொழுப்பு என்று நம்பித்தானே ஆக வேண்டும்? அழுகை அங்கேதான் தொடங்குகிறது.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்குவது, மலச்சிக்கல், புதிதாக ஜிம்மில் சேர்ந்தவருக்குத் தசை வலியோடு வரும் வீக்கம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. விரிவுக்கு அஞ்சி விடுகிறோம்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சிரித்துவிட்டுப் போக முடியாத இடமும் உண்டு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் எடை சரியாக நின்று, ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தார். மோதுவதற்குத் தெம்பு வேண்டுமென்று இடையில் உண்டதும் குடித்ததும் எடையாக ஏறின. அதை இறக்க இரவெல்லாம் பாடுபட்டார்கள்; தலைமுடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல். அரை டம்ளர் தண்ணீரின் எடைக்குப் பதக்கம் போனது. கட்டிலடி மெஷினில் 100 கிராமுக்கு எந்த அர்த்தமும் இல்லை. அங்கே எல்லா அர்த்தமும் இருந்தது.

மெஷின் தரப்பையும் கேட்பதே நியாயம். பாயின்மீதோ கம்பளத்தின்மீதோ வைத்தால் அதன் எண்ணை நம்ப முடியாது. கெட்டியான சமதளம் வேண்டும். சில டிஜிட்டல் மெஷின்களுக்கு ஞாபகசக்தியும் உண்டு: உடனே மறுபடி ஏறும்போது வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழைய எண்ணையே காட்டிவிடும். ‘மூன்று தடவை ஏறியும் அதே எடை’ என்பது சில வீடுகளில் மெஷினின் சோம்பேறித்தனமாக இருக்கலாம். இதற்காக அதைத் திட்டுமுன், பாரிஸ் அருகே செவ்ரில் 1889 முதல் உலகத்துக்கே கிலோவாக இருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளையை நினைக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்தும், நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. 2019 மே 20இல் அதற்கு ஓய்வு கொடுத்து, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஊறுகாய் தொடாத கிலோவுக்கே இந்தக் கதி.

பரிகாரம் புள்ளியியலில் இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுபவர் கரைக்கும் கொழுப்பு சுமார் 65 கிராம். 200 மில்லி தண்ணீர் குடித்தால் மூன்று நாள் உழைப்பு மறைந்து நிற்கும். ஆகவே ஒரு நாளின் எண்ணுக்கு மதிப்பில்லை. காலையில் கழிப்பறைக்குப் போய்வந்து, காப்பிக்கு முன், அதே இடத்தில் ஏறி எழுதிவைத்து, ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். பெண்கள் போன மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுவது இன்னும் பொருத்தம். ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வாக்கர் 1991இல் எழுதிய உணவுமுறை நூலில் இன்றைய எடைக்குப் பத்தில் ஒரு பங்கு மரியாதை மட்டும் கொடுத்தார். மீதி ஒன்பது பங்கும் நேற்றுவரை வந்த போக்குக்கு. இன்றைய எண்ணைப் பார்த்துவிட்டு காலை டிபனைத் தள்ளுபவர் இந்த விகிதத்தைத் தலைகீழாகப் பின்பற்றுகிறார்.

ரயில் நிலையங்களில் வண்ண விளக்கு சுழலும் எடை மெஷின்கள் கோலோச்சிய காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. ஊருக்குப் போகும்போது, கையில் பை, காலில் செருப்போடு ஏறி நாணயம் போட்டால் சின்ன அட்டை விழும். அதில் எடையோடு பலனும் அச்சாகியிருக்கும். எடை சரியா என்று இன்னொரு நாணயம் போட்டுச் சோதித்தவர்கள் குறைவு. பலன் சரியில்லை என்று போட்டவர்கள் உண்டு.