ரேமுக்கு ஈயம் வைத்தவர் மலையேறி வரட்டும்

கொல்லிமலையில் ஒரு லேப்டாப் கெட்டுப்போவதற்கும் நாமக்கல்லில் கெட்டுப்போவதற்கும் எழுபது வளைவு வித்தியாசம். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் எழுபதாவது பலகைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். உயிர் போன லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்குகிறவர் அதே எண்களைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு போவார். சர்வீஸ் கட்டணம் ஒன்றாம் வளைவுக்குக் கீழேதான் தொடங்கும். தலைசுற்றல் அதற்கு முன்பே தொடங்கிவிடும், அது இலவசம்.

செம்மேட்டுப் பக்கம் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கிக் கீழே அனுப்பும் வியாபாரி ஒருவர். மிளகுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். இளவயதில் நாமக்கல்லில் லாரி கிளீனராக இருந்தவர். லாரிக்கு பாடி கட்டும் ஊர் அது. பக்கத்திலேயே திருச்செங்கோடு, நாடெங்கும் போர் போடப் போகும் ரிக் வண்டிகளின் ஊர். ஒரு வண்டியின் சேஸில் இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸைப் பூட்டி, மூன்றாவது வண்டியின் கதவை மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு கொள்கை படிந்துவிட்டது: மனிதன் பூட்டியது எதுவானாலும் மனிதனால் கழற்ற முடியும். ஸ்பேனர் மட்டும் சரியான நம்பராக இருக்க வேண்டும்.

மகள் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப், அந்தக் கொள்கையின் மேல் கல்லைத் தூக்கிப் போட்டது. பார்க்க அழகு. ஒரு கையில் தூக்கலாம். 8 ஜிபி ரேம். முதல் வருடம் ஓடியது, இரண்டாம் வருடம் நடந்தது, அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது. ரேமைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, மிளகுக்காரர் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். கடைப் பையன் அடிமூடியைத் திறந்து பார்த்தான். பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினான். துக்க வீட்டில் செய்வது போல இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

“ஸ்லாட்டே இல்லீங்ணா. ரேம் போர்டுலயே ஒட்டி வந்திருக்குது.”

“ஒட்டுனதைப் பேத்துட்டு வேற ஒண்ணு ஒட்டு.”

“அப்படியெல்லாம் ஆகாதுங்ணா. போர்டோட மாத்தோணும்.”

போர்டு விலையைக் கேட்டதும், மிளகு விலை இறங்கிய நாளில்கூட வராத ஒரு நிதானம் அவர் குரலில் வந்தது. “டயர் தேஞ்சு போச்சுன்னு வந்தா, தம்பி, எஞ்சினோட சேர்த்து லாரியையே மாத்தச் சொல்றியே?”

பையன்மேல் குற்றமில்லை. இந்த ஈயக் கதை அவன் பள்ளிக்கூடம் போகும் முன்பே தொடங்கிவிட்டது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. உறைக்குள் நுழையும் லேப்டாப்பில் ரேம் ஸ்லாட் நுழையாது என்பதைக் கைதட்டியவர்கள் கவனிக்கவில்லை. 2012இல் ரெட்டினா திரை வைத்த மேக்புக் ப்ரோ வந்தது. ரேமுக்கு ஈயம், பேட்டரிக்குப் பசை. பொருள்களைப் பிரித்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் என்ற கலிஃபோர்னியா நிறுவனம் அதற்கு ஒன்று போட்டது. மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? 2017இல் வந்த முதல் சர்ஃபேஸ் லேப்டாப், அதே வாத்தியாரிடம் பூஜ்யம் வாங்கியது. கீபோர்டைச் சுற்றி ஒட்டியிருந்த துணியைக் கிழிக்காமல் அதைத் திறக்கவே முடியாது.

இந்த வரலாற்றில் மிளகுக்காரருக்கு மிகவும் பிடித்த அத்தியாயம், ஆப்பிளின் ‘பட்டாம்பூச்சி’ கீபோர்ட். 2015இல் வந்தது. விசை ஒவ்வொன்றும் தாள் கனம்தான். அடியில் ஒரு தூசி போனால் எழுத்து விழாது, இல்லாவிட்டால் இரண்டு தடவை விழும். நிறுவனமே ஒரு குறிப்பு கொடுத்திருந்தது: லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடி, டப்பாக் காற்றை இடமிருந்து வலமாக அடி, பிறகு ஒருபக்கம் திருப்பி அடி, மறுபக்கம் திருப்பி அடி. மகள் இதைப் படித்துக் காட்டியபோது, “பேய் ஓட்டுறாங்களா?” என்றார் அப்பா. காற்றுக்கும் மசியாவிட்டால் மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும். அதில் பேட்டரி ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து போகும். ஒரு தூசிக்கு ஒரு பேட்டரி பலி. கடைசியில் வழக்கு நடந்து, 2022இல் 5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஈயம் வைத்தவர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார் மிளகுக்காரர். அதற்குத் தடை வாங்கியவள் மகள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. லேப்டாப்பில் ஈயம் வைத்து ஒட்டும் ரேம் பெரும்பாலும் எல்பிடிடிஆர் என்ற வகை. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும். மூடி வைத்திருக்கும்போது பேட்டரியை அதிகம் குடிக்காது. பிராசஸரை ஒட்டி உட்கார வேண்டும். கம்பிவழி நீண்டாலோ, நடுவில் ஸ்லாட் என்று ஒரு சந்திப்பு வந்தாலோ, அதன் வேகத்தில் சிக்னல் கலங்கிவிடும். கழற்றி மாட்டும் லேப்டாப்பே தன் மதம் என்று 2021இல் கடைவிரித்த ஃபிரேம்வொர்க் நிறுவனமே இந்தச் சுவரில் முட்டிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் அவர்கள் அறிவித்த மேசைக் கணினியில், ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் சிப்புக்குப் பக்கத்தில் ரேமை ஈயம் வைத்துத்தான் ஒட்டினார்கள். கழற்றும் ரேம் வைக்க முடியுமா என்று ஏஎம்டிக்காரர்களைக் கேட்டுப் பார்த்தோம், அந்த வேகத்துக்கு முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். சைவ ஓட்டலில் ஆம்லெட் போட்டது மாதிரி ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் காரணம் நேர்மையான காரணம்.

இன்னொன்று, மலைக்கென்றே உள்ள காரணம். ரேம் கழலும் காலத்தில் கம்ப்யூட்டர் எழாவிட்டால் தமிழ்நாடு முழுக்க ஒரே வைத்தியம்தான்: ரேமை உருவு, அதன் தங்கநிறப் பற்களைப் பிள்ளைகளின் அழி ரப்பரால் தேய், ஊது, மறுபடி அழுத்து. சென்னை ரிச்சி தெரு முதல் ராசிபுரம் வரை இந்த வைத்தியத்தில் எழுந்து உட்கார்ந்த கணினிகளுக்குக் கணக்கில்லை. பற்களில் அழுக்கும் ஈரமும் படிவதுதான் நோய். கொல்லிமலையில் மழைக்காலம் வந்தால் மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும், துணியே காயாது. அங்கே ஈயம் வைத்த ரேமுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வளைவுகளில் குலுங்கிக் கழன்றுகொள்ளவும் செய்யாது. இதைக் கேட்டு மிளகுக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சரி, ரேமை விட்டர்றேன்” என்றார், ஏதோ ஜாமீன் கொடுப்பவர் தோரணையில். “பேட்டரியை எதுக்கு ஒட்டுனாங்க?”

இதற்கு மகளிடமும் பதில் இல்லை. ஏனென்றால் நல்ல பதில் கிடையாது.

பேட்டரி தேயும் பொருள். தேயும் என்று செய்தவருக்கே தெரியும். தன் மேக்புக் பேட்டரிகளுக்கு ஆயிரம் சார்ஜ் சுற்று என்று ஆப்பிளே ஆயுள் எழுதி வைத்திருக்கிறது. கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், அது இடத்தை அடைக்கும், அதனால் மெல்லிய பை போன்ற செல்களை உள்ளேயே வைக்கிறோம் என்பதுவரை ஒப்புக்கொள்ளலாம். உள்ளே வைத்ததைத் திருகாணி போட்டு நிறுத்தலாமே, பசை எதற்கு? வயதான லித்தியம் பை செல் சில சமயம் உப்பும். உப்பினால் டச்பேட் மேலெழும், மூடி சாத்தாது. அந்த நிலையில் பசையோடு இழுத்தால் கிழிந்து தீப்பிடிக்கலாம். ஆளுக்கு ஆபத்து வரும் நேரத்தில்தான் அதைக் கழற்றுவது மிகக் கடினம் என்றால், அந்த வடிவமைப்பை மெச்சுவதற்கு ஒன்றுமில்லை.

இதே மலையில் எதிர்க்கட்சிச் சாட்சியும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்து, ஆண்டுக்கணக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. கொல்லிமலையின் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தன. வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாக வீடு போய்ச் சேர்ந்தன. ஆரம்ப வருடங்களில் வந்தவை கனம். ஆனால் அடியில் இருந்த தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். மிளகுக்காரரின் அக்கா மகன் வீட்டில் அப்படி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பேட்டரி செத்துப் பல காலம். கழற்றிப் பரணில் போட்டுவிட்டு நேர்க் கரண்டில் ஓட்டுகிறார்கள். கரண்ட் போனால் அதுவும் போகும், வந்தால் வரும். மழைக்காலத்தில் அதில் முழுப் படம் பார்ப்பவருக்குப் பொறுமை என்ற பாடத்தில் பட்டம் கொடுக்கலாம். அதன் விசைகளில் நாலைந்து இல்லை. உடைந்த ஹிஞ்சை எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முதுமை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மிளகுக்காரர் சொல்கிறார்.

ஹிஞ்ச் விஷயத்தில் இருதரப்பும் சமம்தான்: மெலிந்தது, கனத்தது எல்லாம் உடையும். அதை விட்டுவிடலாம்.

எஸ்எஸ்டி அப்படி விடக்கூடியது இல்லை. எம்.2 என்ற குச்சி வடிவில் வருவது ஒரே ஒரு திருகாணியில் நிற்கும். போர்டு செத்தால் அதை உருவி ஒரு டப்பாவில் மாட்டினால், கல்யாணப் போட்டோவும் கொள்முதல் கணக்கும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். சேமிப்பு சிப்பையும் போர்டோடு ஒட்டி, பூட்டுச் சாவியைப் பிராசஸருக்குள் வைத்த இயந்திரங்களில் போர்டு போனால் கணக்கும் போச்சு. பாதுகாப்புக்காக அப்படிச் செய்தோம் என்கிறார்கள். திருடனிடமிருந்து பாதுகாப்பு உண்மைதான், சொந்தக்காரரிடமிருந்தும் சேர்த்து.

இந்த இடத்தில்தான் ரிச்சி தெருவின் ‘சிப் லெவல் சர்வீஸ்’ பலகைகளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அதிகாரபூர்வ சென்டரில் “போர்டு மாத்தணும்” என்று முடியும் பேச்சு, அங்கே மல்டிமீட்டரோடு தொடங்கும். எந்த லைன் ஷார்ட் என்று பார்த்து, செத்த இன்னொரு போர்டிலிருந்து ஒரு சிப்பைச் சூடான காற்றில் பெயர்த்து வைத்து, எழுப்பிக் கொடுத்துவிடுவார்கள். சர்க்யூட் படத்தைக் கம்பெனி அவர்களுக்குத் தருவதில்லை. எங்கிருந்தோ கிடைத்ததை வைத்துக்கொண்டும், கிடைக்காதபோது கைப்பழக்கத்திலும் செய்கிறார்கள். இந்தத் தொழிலை ஆதரித்து அரசு ஏதாவது செய்ததா என்றால், செய்தது, மெதுவாக. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்குக் குழு போட்டது, அதே டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. 2024 செப்டம்பரில் பரத் கெரா தலைமையில் இன்னொரு குழு அமைந்து, பொருள்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு வேண்டும் என்று 2025 மேயில் அறிக்கை கொடுத்தது. பிரிப்பது எத்தனை சுலபம், என்ன திருகாணி, உதிரிபாகம் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்ளும். பரீட்சை எழுதியவரே திருத்தும் இந்த ஏற்பாட்டைக் கேட்டு மகள் தன் கல்லூரிக்கும் பரிந்துரைத்தாள். முதல் கட்டத்தில் செல்போனும் டேப்லெட்டும்தான். லேப்டாப் வரிசையில் நிற்கிறது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே லேப்டாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருள்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்பது சட்டம். உதிரிபாகம் எத்தனை கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கிறது என்பதையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்த்தால், கொல்லிமலைக்குக் கொஞ்சம் நியாயம் கிடைக்கும்.

முடியாது என்றவர்கள் எல்லாம் மனசு வைத்தபோது முடிந்திருக்கிறது. பூஜ்யம் வாங்கிய சர்ஃபேஸ் லேப்டாப்பின் 2024 வாரிசு, அதே ஐஃபிக்ஸிட்டிடம் 8 வாங்கியது. எந்தத் திருகாணி எங்கே என்று உள்ளேயே குறித்து வைத்திருக்கிறார்கள். லெனோவாவின் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை 9 வாங்கியது. எல்பிடிடிஆர் ரேமையே கழற்றும்படி செய்யும் எல்பிகேம்2 என்ற அட்டை 2024இல் திங்க்பேட் பி1இல் வந்துவிட்டது. ஸ்லாட்டுக்குள் செருகாமல் திருகாணி போட்டு அழுத்துவதால் கம்பிவழி நீள்வதில்லை. இந்தச் செய்தியில் மிளகுக்காரர் மகிழ்ந்துகொண்டிருந்தபோதே 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை அள்ளிக்கொண்டு போய், விலை ஏறிவிட்டது. ஸ்லாட் உள்ளவர்களும் இப்போது காலி ஸ்லாட்டைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே கொல்லிமலையிலோ, ஏற்காட்டிலோ, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத எந்த ஊரிலோ இருப்பவர்களுக்கு: ரேம் ஒட்டியிருந்தால் சண்டை போட வேண்டாம், ஆனால் வாங்கும்போதே 16 ஜிபியாகக் கேளுங்கள், பிறகு கூட்ட வழியில்லை. எஸ்எஸ்டி எம்.2 ஆக இருக்கட்டும். பேட்டரி திருகாணியில் நிற்கிறதா என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மாடல் பெயரைப் போட்டு யூடியூபில் பிரிக்கும் வீடியோவைத் தேடுங்கள். பேட்டரியை எடுக்க அதில் வரும் ஆள் ஹீட் கன்னைக் கையில் எடுத்தால், அந்த மாடலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.