கீசர் புராணம்

வெந்நீர் வரவில்லையா? பிளம்பர் வந்து "கரண்ட் கோளாறு சார்" என்பார். எலெக்ட்ரீஷியன் வந்து "பைப் கோளாறு சார்" என்பார். வந்து போன காசை இருவரும் தவறாமல் வாங்கிக்கொள்வார்கள். சுவிட்சில் சிவப்பு விளக்கு மட்டும் ஜம்மென்று எரியும்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற, 2 கிலோவாட் காயிலுக்கு 20 நிமிடம் போதும். ஆனால், போர் தண்ணீரின் சுண்ணாம்பு காயில்மேல் ஓடுகட்டி உட்கார்ந்திருக்கும். அந்த இடத்துச் சூட்டை நம்பி, தண்ணீர் காயும் முன்பே தெர்மோஸ்டாட் கடையைக் கட்டிவிடும். போதாக்குறைக்கு, பாதி திறந்த மிக்சர் குழாய் வழியே பச்சைத்தண்ணீர் வெந்நீர் பைப்புக்குள் அழையாமல் நுழையும்.

ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தாலே பாதி வியாதி தீரும். புது கீசர் விற்பவரிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள்.