லேமினேட் செய்யப்பட்ட அஸ்வின்

எங்கள் வீட்டில் கிரிக்கெட் வீரர்களைச் சொத்து பிரிப்பதுபோலப் பிரித்திருந்தோம். அப்பாவுக்குக் கபில்தேவ். அம்மாவுக்கு ஸ்ரீகாந்த். அண்ணனுக்கு அந்த வாரம் யார் சதம் அடித்தாரோ அவர். கடைக்குட்டியான எனக்கு மிஞ்சியவர் மணீந்தர் சிங். இடக்கைச் சுழல் பார்க்க அழகாக இருக்கும். அவருடைய பேட்டிங்கைப் பற்றி அவர் ரசிகனான நானே பேசுவதில்லை.

1986-ல் சேப்பாக்கம் டெஸ்ட் ‘டை’ ஆனபோது கடைசியாக அவுட் ஆனவர் அவர்தான். அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் உலகக் கோப்பை ஆட்டம், அக்டோபர் 9. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு ரன் கொடுத்திருந்தார். அது சிக்ஸர்தான் என்று ஆஸ்திரேலியர்கள் முறையிட, இடைவேளையில் கபிலும் ஒப்புக்கொண்டார். 268 என்றிருந்தது 270 ஆனது. இந்தியா எடுத்தது 269. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் ஸ்டீவ் வாவிடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா நடுவரையும் திட்டவில்லை, கபிலின் பெருந்தன்மையையும் திட்டவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவன் கடைசி ஓவருக்கு எதற்காக உள்ளே வந்தேன் என்றுதான் கேட்டார். “ஏல, நீ பாத்தாலே விக்கெட் விழுது. இனிமே மேட்ச்னா வெளிய போயிரு.”

சேகரிப்பிலாவது பெயர் வாங்கலாம் என்று பார்த்தேன். அண்ணன் ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படத்தைப் பின் கழற்றி, மடிப்பு விழாமல் ஃபைலில் வைப்பான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சோற்றுப் பருக்கையை மசித்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். பசை ருசிக்கு வந்த கரப்பான்கள் கவாஸ்கரின் தொப்பியில் தொடங்கி மூக்கு வரை முன்னேறின. வெள்ளையடிக்க வந்தவர் சுரண்டியபோது சுண்ணாம்பும் பெயர்ந்தது, கூலி கூடியது.

பிக் ஃபன் பபிள் கம் உறைக்குள் ரன் அச்சிட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால், புரட்டும்போது வீரர் ஓடிவந்து பந்து வீசுகிற குட்டிப் புத்தகம் கிடைக்கும். வகுப்பில் எல்லோரும் ரன் சேர்த்தார்கள். நான் ரன்களைக் கடன் கொடுத்தேன். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் வாராக் கடன் ஆகிவிட்டது.

மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வந்த காலத்தில் நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் பக்கத்து வீட்டுப் பொடியன்களோடு உட்கார்ந்து விளையாடியதே ஒரு தோல்விதான், அதை விடுங்கள். கார்டில் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் எல்லாம் இருக்கும். நாம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்குக் கார்டு. ரேங்குக்கு மட்டும் சிறிய எண் ஜெயிக்கும். என் கையில் ரேங்க் 1, ஹல்க் ஹோகன். ரேங்க் என்று சொல்லியிருந்தால் உலகத்தில் யாரும் அசைத்திருக்க முடியாது. மீசையும் புஜமுமாக நின்ற கம்பீரத்தில் மயங்கி, “உயரம்” என்றேன். எதிரே இருந்த ஐந்தாம் வகுப்பு, பேசாமல் அண்டர்டேக்கரை எடுத்துக் கீழே வைத்தான்.

இப்போது மகள் கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டு சேர்க்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறைகளுக்கு ஆல்பம், ஆல்பத்துக்கு ஒரு துணிப்பை. விளிம்பைப் பிடித்துத்தான் தொடவேண்டும் என்று எனக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு மிகப் பிடித்த தங்க நிற அஸ்வின் கார்டின் மூலை லேசாக மடங்கியபோது, நானே காப்பாற்றுகிறேன் என்று எடுத்துப்போனேன். ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும் காப்பாற்றிய அதே ஜெராக்ஸ் கடை. லேமினேஷன் சூட்டில் தங்கம் கொப்பளித்தது. அஸ்வினின் இடது கன்னத்தில் பொன்னுக்குவீங்கி. மகள் அழவில்லை. கார்டுகளைத் தரம் பிரிக்கும்போது மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள் என்று விளக்கினாள். “இதுக்கு அதெல்லாம் கெடையாதுப்பா, இது ஐடி கார்டு.”

நான் மிக்கி மேண்டிலைத் துணைக்கு அழைத்தேன். டாப்ஸ் நிறுவனம் 1952-ல் அச்சிட்ட அந்த பேஸ்பால் வீரரின் கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. விற்காமல் தேங்கிய கட்டுகளை நிறுவனமே படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியது. விற்றவற்றையும் பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். தப்பித்தவற்றுக்குத்தான் இந்த விலை. ஆக, பத்திரமாக வைத்தவர்களைப் பணக்காரர் ஆக்கியது என்னைப் போன்றவர்கள்தான். மகள் கேட்டுவிட்டு, ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அப்பாவின் உத்தரவை வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. 2025 அக்டோபர் 30 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் 339 என்ற இலக்கைத் துரத்தி, ஜெமிமா 127 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றபோது, நான் மொட்டை மாடியில் காயாத துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 2 இறுதி ஆட்டத்தன்றும் அங்கேதான். கோப்பை வந்துவிட்டது. இனி விதி தளராது.

வாசகர்கள் யாரிடமாவது தங்க நிற அஸ்வின் கார்டு இரண்டு இருந்தால், தயவுசெய்து பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதிலுக்கு, தண்ணீர் புகாத அஸ்வின் ஒன்று தருகிறேன். கவரில் என் பெயர் வேண்டாம், மகள் பெயரையே போடுங்கள்.