டெஸ்டர் மாமா

மைசூர் அக்ரஹாரத்தில் யார் வீட்டிலாவது விளக்கு பட்டென்று அணைந்தால், கரண்ட் ஆபீசுக்கு போன் போவதற்குள் வாசலில் கன்னடத்தில் ஒரு குரல் கேட்கும்: "ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று அர்த்தம். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். அவர்தான் டெஸ்டர் மாமா. சரஸ்வதிபுரத்திலும் ஒருவர் உண்டு, குவெம்புநகரிலும் ஒருவர் உண்டு. வேலையில் இருந்த காலம் முழுக்க ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியிருப்பார். ஒயரோடு உறவு தொடங்கியதே ஓய்வு பெற்ற மறுநாள்தான்.

நிறத்தை நம்பக்கூடாது என்பது அவருடைய முதல் கட்சி. சுவருக்குள் ஓடும் ஒயரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மிக்சியின் கார்டைப் பிரித்தாலோ பழுப்புதான் பேஸ், நீலம் நியூட்ரல். ஆக, சுவரில் ஷாக் அடிக்கிற நீலம் கார்டில் சாதுவாகிவிடுகிறது. இந்த ஒரு நீலத்தை வைத்துக்கொண்டு மாமா அரைமணி நேரம் பேசுவார். அதுவரை அடுக்களையில் தேங்காய்ச் சட்னி அரைபடாமல் காத்திருக்கும்.

பழைய வீடுகளில் அவர் சொல்வது நியாயமும்கூட. மரப்பட்டிக்குள், ரப்பர் மேல் நூல் சுற்றிய ஒயர். பல பத்தாண்டு தூசியில் எல்லாமே ஒரே கறுப்பு. அதன்மேல் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கையில் மிஞ்சிய நிறத்தை முடிந்துவிட்டுப் போயிருப்பார். பலகையைத் திறந்ததும் மாமா கேட்கும் கேள்வி மாறவே மாறாது: "யாரு கை வச்சது?"

பதிலுக்குக் காத்திராமல் சரித்திரத்துக்குப் போய்விடுவார். 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, முதலில் கொடுத்தது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905இல். "ராஜா இருந்த ஊருக்கு அதுக்கும் அப்புறம்தான்!" என்று அவர் ஆதங்கப்படும்போது, இன்றைய கரண்ட் கட்டுக்கும் அதுதான் காரணமோ என்று கேட்பவருக்குத் தோன்றும்.

டெஸ்டரைப் பிடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். நுனி ஒயரில், கட்டைவிரல் தலைப்பில். உள்ளே ஒரு சின்ன நியான் பல்பு, கூடவே பெரிய ரெசிஸ்டர். கரண்ட் துளியூண்டு அவர் உடம்பு வழியாகவே தரைக்குப் போகிறது. "என் வழியாத்தான் போறது" என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. ஆனால் பேஸைக் காட்டிக்கொடுக்கிற டெஸ்டர் நியூட்ரலிலும் எர்த்திலும் ஒரே மாதிரி ஊமை. அப்போதுதான் ஹோல்டரில் மாட்டிய டெஸ்ட் லாம்ப் வெளியே வரும். பேஸிலிருந்து நியூட்ரலுக்குப் பல்பு எரியும். எர்த் நன்றாக இருந்தால் எர்த்துக்கும் எரியும். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. போட்ட வீடாக இருந்தால், எர்த்தைத் தொட்ட கணமே வீடு இருட்டாகும். அந்த இருட்டுக்குள்ளிருந்து வெற்றிக் குரல்: "பாத்தியா, எர்த்தேதான்!"

த்ரீ பின்னில் மட்டும் அவர் கறார். பிளக் பாயின்டுக்கு எதிரே நின்று பார்த்தால் எர்த் மேலே, பேஸ் வலது, நியூட்ரல் இடது. ஒயர் முடுக்கப் பின்பக்கம் திருப்பினால் இடம் வலமாகும். எலக்ட்ரீஷியன் பையனுக்கும் அவருக்கும் பாதிச் சண்டை இந்தத் திருப்பத்தில்தான். எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? "கல்யாண வீட்டுக்கு முதல்ல வந்து கடைசியாப் போற சித்தப்பா மாதிரிடா. அது சேர்ந்தப்புறம்தான் கரண்ட் சேரணும்." ஒன்று சொல்ல வேண்டும்: மெயினை அணைக்காமல் அவர் ஸ்க்ரூவைத் தொடமாட்டார். பையன் தொடுவான்.

சீலிங் ஃபேன்தான் அவருக்குச் சறுக்குமரம். உள்ளேயிருந்து வரும் மூன்று ஒயரில் எது காமன்? இரண்டிரண்டாக மீட்டரில் அளந்து, அதிக ஓம் காட்டுகிற ஜோடியை ஒதுக்கினால் மிஞ்சுவது காமன். இதுவரை சரியாக வருவார். மற்ற இரண்டுக்கும் நடுவே 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர். பேஸை அதன் தவறான காலில் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும்.

"மாமா, காத்தே வரலையே?"

"வரது. மேல போறது."

ஆயுத பூஜைக்கு டெஸ்டர், மீட்டர், கட்டிங் பிளையர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அன்று யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் மறுநாள்தான்.

அவர் கால்வைத்த வீட்டில் சுவிட்சுக்கு ஒரு பிளாஸ்திரித் துண்டு. 'ஹால்', 'கிணற்றடி', 'தொடாதே'. அவருடைய சொந்த வீட்டு ரேழியில் மட்டும் ஒரு சுவிட்சில் 'விசாரணையில்' என்று இருக்கிறது. அதைப் போட்டாலும் ஒன்றும் எரிவதில்லை, அணைத்தாலும் ஒன்றும் அணைவதில்லை. மூன்று வருஷமாகத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று நாலு தடவை தட்டிப் பார்ப்பார். வீடு தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் நடுவே சுவர் வைத்துப் பிரிந்தது. ஒயரை யாரும் பிரிக்கவில்லை.

போன வாரம் அடுத்த வீட்டுப் பாட்டி வந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் டெஸ்டரை எடுத்துண்டு வாயேன். எங்காத்துக் கொல்லை விளக்கு மூணு வருஷமா ராத்திரியானா தானா மின்னி மின்னி அணையறது. எந்த ஒயர்னே தெரியலை."